அறிவழகி

அந்த வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் பிறந்தபோது பார்க்க வந்தவர்களெல்லாம் குழந்தை என்ன அழகு, என்ன அழகு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான்கு வருடம் கழித்து இளையவள் பிறந்தாள். அதே ஆட்கள் வந்து தொட்டிலுக்குள் குனிந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒருத்தி, "நல்லா முழிச்சு முழிச்சுப் பாக்குது. அறிவான குழந்தை" என்றாள். மற்றவர்களும் அப்பாடா என்று அதையே சொல்லிவிட்டுப் போனார்கள். பாகப்பிரிவினை அன்றோடு முடிந்தது. பெரியவளுக்கு அழகு, சின்னவளுக்கு அறிவு. அதற்குப் பிறகு பதினாறு வருடம் அந்தப் பத்திரத்தை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

சின்னவளின் மதிப்பெண் அட்டை இதில் எந்தப் பக்கமும் சாயாமல் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் நடமாடிக்கொண்டிருந்தது. அதில் கையெழுத்துப் போடும்போது அப்பா, பேனா ஒழுங்காக எழுதுகிறதா என்பதை மட்டும்தான் கவனிப்பார். அவர் பஸ் டெப்போவில் டைம்கீப்பர். வாசலில் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று எழுதுவது வேலை. நேரம் தவிர மற்ற எண்களில் அவருக்கு அக்கறை கிடையாது. அம்மா பெரிய ஆஸ்பத்திரியின் தையல் பிரிவில் இருந்தாள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களுக்குப் பச்சை அங்கி, நோயாளிகளுக்கு முதுகில் நாடா வைத்த அங்கி என்று இருபது வருடமாகத் தைத்துத் தள்ளியவள். ஓர் அச்சகத்துக்கு மேலே மாடியில் இரண்டு அறைகளில் குடியிருந்தார்கள். கீழே மெஷின் ஓட ஆரம்பித்தால் மேலே தண்ணீர்ச் சொம்பில் வட்டம் வட்டமாக அலை எழும்.

பெரியவள் பள்ளிக்கூடம் முடித்த கையோடு கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவளை ஏன் எடுத்தோம் என்பதை முதலாளி ஒளிக்கவில்லை. வாசலைப் பார்த்த மாதிரி உட்கார வைத்தால் நாலு பேர் உள்ளே வருவார்கள் என்று அவள் எதிரிலேயே அப்பாவிடம் சொன்னார். அப்பாவும் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.

சின்னவள் பதினொன்றாம் வகுப்பு. பெண்கள் பள்ளி. வகுப்பிலேயே நெட்டையானவள் என்பதால் அவளுக்குக் கொடிக்கம்பம் என்று பெயர். கரும்பலகையின் மேல்பகுதியை அழிப்பது, மழை வந்தால் மேல் ஜன்னலைச் சாத்துவது, விழா நாட்களில் ஏணி இல்லாமல் தோரணம் கட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. பெயரைப் பற்றி அவளுக்குப் பெரிய வருத்தம் இல்லை. இதற்கு முந்தைய வருடம் வரைக்கும் ஒட்டடைக்குச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். கொடிக்கம்பத்தில் கொஞ்சம் மரியாதை இருந்தது.

அந்த வருடம் பள்ளிக்குப் புதிதாக ஒரு தலைமையாசிரியை வந்தார். வந்த இரண்டாவது மாதமே வகுப்பு வகுப்பாக ஒரு சுற்றறிக்கை போனது. ஆண்டுவிழாவில் 'பள்ளி அழகி' போட்டி நடக்கும், ஒவ்வொரு பிரிவும் ஒரு மாணவியை அனுப்ப வேண்டும், இது அழகுப் போட்டி அல்ல, ஆளுமைப் போட்டி என்று எழுதி, 'அல்ல' என்பதன் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார்கள். போட்டியாளர்கள் முகத்துக்கு அளவாகப் பவுடர் போட்டுக்கொள்ளலாம் என்பது மூன்றாவது விதி. அளவு எவ்வளவு என்பதை யாரும் சொல்லவில்லை.

வகுப்பில் அழகிகள் இரண்டு பேர். ஒருத்தி சுருட்டை, இன்னொருத்தி கன்னக்குழி. இரண்டு பேருக்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே ஆகாது. மொத்தம் முப்பத்தொன்பது பேர் இருந்த வகுப்பு, சுற்றறிக்கை வாசித்த பத்தாவது நிமிடத்தில் நடுவில் வெட்டின மாதிரி இரண்டாகப் பிளந்தது. வகுப்பாசிரியை கணக்கு டீச்சர். சீட்டுப் போட்டுப் பார்த்தார். பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. ஒரு சீட்டில் ஒன்றும் எழுதவில்லை. அது சின்னவளுடையது. அவள் சீட்டு எழுதும் நேரத்தில் மேல் ஜன்னலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், மழை அடித்துக்கொண்டிருந்தது. மறுபடி சீட்டு என்றால் மறுபடி சண்டை. டீச்சருக்கோ அந்த மணி நேரத்துக்குள் ஒரு பாடம் முடித்தாக வேண்டும். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நின்றுகொண்டிருந்தவள் ஒருத்திதான்.

"இவளை அனுப்பிடலாம்" என்றார்.

யாரும் மறுக்கவில்லை. சுருட்டைக்குக் கன்னக்குழி போகாத நிம்மதி, கன்னக்குழிக்குச் சுருட்டை போகாத நிம்மதி. இப்படியாக, அந்தப் பள்ளியிலேயே ஒருத்தி விடாமல் எல்லோருடைய சம்மதத்தோடும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே போட்டியாளராகக் கொடிக்கம்பம் ஆனாள். கையில் ஜன்னல் கொக்கி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றாள்.

வீட்டில் விஷயத்தைச் சொல்ல அவளுக்கு இரண்டு நாள் பிடித்தது. சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அப்பா எத்தனை மணிக்கு ஆரம்பம் என்று கேட்டார். அம்மா, "உன்னையா?" என்றாள். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி எப்படிக் காதில் விழுந்திருக்கும் என்று அவளுக்கே உறைத்தது போல. உடனே, பேச்சுப் போட்டி மாதிரி இருக்கும், அதான் இவளைப் பிடிச்சிருக்காங்க என்று தானே ஒரு வழியும் கண்டுபிடித்துக் கொடுத்தாள்.

பெரியவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்தாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனாள். போனவள் சீக்கிரம் வரவில்லை.

அவள் கோபம் சின்னவளுக்குப் புரியாமல் இல்லை. இருபது வருடமாக அழகி அழகி என்று சொன்னார்களே தவிர, அந்த அழகை வைத்துக்கொண்டு அவளை ஒரு இடத்துக்கும் அனுப்பவில்லை. அதே பள்ளியில் படித்தபோது இந்த மாதிரிப் போட்டி எதுவும் கிடையாது. சிறப்பு விருந்தினர் வந்தால் பூங்கொத்துத் தட்டை ஏந்திக்கொண்டு மேடை ஓரத்தில் நிற்க அவளைக் கூப்பிடுவார்கள். ஏழு சிறப்பு விருந்தினர்களுக்குத் தட்டு ஏந்தியிருக்கிறாள். ஏழு பேரும் பூங்கொத்தை எடுத்துக்கொண்டு தட்டை அவளிடமே விட்டுவிட்டுப் போனார்கள். இப்போது மேடை வந்திருக்கிறது, ஆனால் அது தங்கைக்கு. அதுவும் ஜன்னல் சாத்தப்போன இடத்தில்.

இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள், தங்கையின் பையைத் திறந்து சுற்றறிக்கையை எடுத்தாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கடையில் மருந்துச்சீட்டு வாசிக்கிற மாதிரி, மேலிருந்து கீழ் வரை ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள். பிறகு பின்பக்கத்தைத் திருப்பினாள். பின்பக்கம் ஒன்று இருப்பதே சின்னவளுக்கு அப்போதுதான் தெரியும்.

"இதை யாராவது படிச்சீங்களாடி?"

அங்கே மதிப்பெண் விவரம் இருந்தது. நடைக்கு இருபது, உடைக்கு இருபது, திறமைக்கு இருபது, கேள்விக்குப் பதில் சொல்வதற்கு நாற்பது.

"முகத்துக்கு மார்க்கே இல்ல" என்றாள் அக்கா. "மத்தவளுங்க எல்லாம் துணிக்கும் செருப்புக்கும் அலைவாங்க. அது மொத்தமே இருபது. நாம நாற்பதைப் பிடிச்சா போதும்."

சின்னவள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். இந்தக் குரல் அவள் கேட்டறியாதது. 'நாம' என்றது அதைவிட ஆச்சரியமாக இருந்தது.

போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. பெரியவள் அந்த மூன்று வாரத்தையும் தன் கையில் எடுத்துக்கொண்டாள். முதலில் நடை. தங்கையை அறைக்குள் நடக்கவிட்டுப் பார்த்தாள். கதவு நிலையில் இடித்துக்கொள்ளாமல் இருக்கத் தலையைக் குனிந்து நடந்தே பழகியவள் அவள், வெட்டவெளியிலும் அப்படியே நடந்தாள். பெரியவள் சுவர் ஓரமாக நிற்க வைத்து, மேலே நிலை எதுவும் இல்லை, நிமிர்ந்து நட என்று நூறு தடவை சொன்னாள். குதிகால் செருப்பு வேண்டாம் என்று முடிவு செய்ததும் அவள்தான். மற்றவர்கள் உயரம் காட்ட அதைப் போட்டுக்கொண்டு மேடையில் ஆடப்போகிறார்கள், உனக்கு உயரம் இனாமாகவே கிடைத்திருக்கிறது, தட்டைச் செருப்போடு போய் ஆடாமல் நின்றாலே பாதி வேலை முடிந்தது என்றாள்.

உடையை அம்மா ஏற்றுக்கொண்டாள். வானநீலத்தில் துணி எடுத்து இரண்டே நாளில் நீளமான கவுன் ஒன்றைத் தைத்து முடித்தாள். தையலில் ஒரு குறை சொல்ல முடியாது, ஓரம் நூல் பிடித்த மாதிரி இருந்தது. ஆனால் இருபது வருடப் பழக்கம் கையை விடுமா? போட்டுப் பார்த்தபோது முதுகுப்பக்கம் முழுக்கத் திறந்திருந்தது. மூன்று இடத்தில் நாடா. முன்னால் நின்று பார்த்தால் இளவரசி, திரும்பினால் நாளைக்கு ஆபரேஷன் என்கிற மாதிரி இருந்தது. அப்பா கூட ஒரு நிமிடம் பத்திரிகையைத் தாழ்த்திவிட்டுப் பார்த்தார். பெரியவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அம்மா மனம் நோகாமல், நாடாவையெல்லாம் பிரித்து ஜிப் வைத்தாள்.

திறமைச் சுற்றுதான் இடித்தது. சின்னவளுக்குப் பாட்டு வராது. ஆட்டம் வராது. படம் வரைந்தால் மாடும் நாற்காலியும் ஒரே மாதிரி இருக்கும். உனக்கு என்னதான் வரும் என்று அக்கா ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அரைமணி நேரம் ஆகியும் காகிதம் வெள்ளையாகவே இருந்தது. அந்த நேரம் பார்த்து அப்பா, நாளைக்கு அத்தை ஊருக்குப் போகிற முதல் வண்டி எது என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். சின்னவள் பாத்திரம் துடைத்துக்கொண்டே, "பதினேழு சி, அஞ்சு நாப்பது, நாலாவது நடைமேடை" என்றாள். சின்ன வயதில் பள்ளி விட்டதும் அப்பாவின் கூண்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள். வீட்டுப்பாடம் மறந்துபோனது, வண்டி நேரம் மனதில் தங்கிவிட்டது.

பெரியவள் பேனாவை எடுத்தாள். பஸ் நிலைய அறிவிப்பு என்று எழுதினாள். மூக்கால் பேசுகிற அந்த அறிவிப்புக் குரலில் எல்லா வண்டி நேரத்தையும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும், நடுவில் மைக் கரகரப்பது, தொலைந்த குழந்தை, மறந்துபோன குடை எல்லாம் வரவேண்டும். அப்பாவுக்கு ஒரே ஒரு கவலை, நேரம் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது.

கடைசியாக நாற்பது மதிப்பெண். நடுவர்கள் மூன்று பேர் யார் யார் என்பது சுற்றறிக்கையிலேயே இருந்தது. ஒரு பல் டாக்டர், ஒரு நகைக்கடைக்காரர், கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா. மூன்று பேரும் மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள், மூன்று பேருக்கும் கண்ணாடி கொடுத்தது பெரியவள். டாக்டர் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலைக் கேட்கமாட்டார், பல்லைத்தான் பார்ப்பார் என்றாள். நகைக்கடைக்காரர் ஒரே பிரேமைப் பதினொரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு முதலில் போட்டதையே வாங்குகிறவர், அவர் புதிதாக எதையும் கேட்கமாட்டார். அந்த அம்மாதான் கேள்வி தயாரிப்பார், அவர் எதைக் கேட்டாலும் அது சுற்றிச் சுற்றி உண்மையான அழகு எது என்பதில்தான் வந்து நிற்கும்.

"எல்லாரும் என்ன சொல்வாங்க, சொல்லு பாப்போம்" என்றாள்.

"உள்ளழகுன்னு."

"அந்த வார்த்தை உன் வாயில வரக்கூடாது."

அப்புறம் என்ன சொல்ல என்று சின்னவள் கேட்டாள். பெரியவள் சுற்றறிக்கையை மடித்து வைத்தாள். ஜன்னல் பக்கம் போய் நின்றாள். கீழே அச்சக மெஷின் நின்றது. பிறகு, யாருக்கோ கணக்கு ஒப்பிக்கிற மாதிரி, திரும்பாமலே பேசினாள். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் சுவரில் இருக்கிற கண்ணாடியில்தான் பார்க்கிறார்கள். பிரேமைப் போட்டுக்கொண்டு முகத்தை இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, வேறு யாரோ மாதிரி ஆகிவிடுகிறார்கள். அப்புறம் லென்ஸைப் போட்டுவிட்டு, பொடி எழுத்து அட்டையைக் கையில் கொடுத்தால், ஒரு வினாடி ஒன்றும் நடக்காது. பிறகு திடீரென்று எழுத்துத் தெரிகிறது. அப்போது ஒரு முகம் வருகிறது பார், அந்த நேரத்தில் சுவரில் கண்ணாடி இருப்பதே அவர்களுக்கு மறந்துபோகிறது. எழுபது வயசுக் கிழவருக்கும் அது வருகிறது, பெரிய மூக்குக்காரிக்கும் வருகிறது. "மூணு வருஷமா தினமும் பாக்குறேன். அதைவிட அழகா நான் எதையும் பாத்ததில்ல."

சின்னவள் அவள் முதுகைப் பார்த்தாள். இவ்வளவு நாள் இதையெல்லாம் எங்கே வைத்திருந்தாய் என்று கேட்க நினைத்தாள். கேட்டிருந்தால், யாராவது என்னிடம் ஏதாவது கேட்டார்களா என்று பதில் வந்திருக்கும். ஆகவே, இதை அக்கா சொன்னாள் என்று மேடையில் சொல்லலாமா என்று மட்டும் கேட்டாள். மார்க் போட்டியாளருக்குத்தான், அக்காவுக்கு இல்லை, நான் பார்த்தேன் என்றே சொல் என்று பெரியவள் முடித்துவிட்டாள்.

ஆண்டுவிழா அன்று பள்ளி அரங்கில் மொத்தம் ஒன்பது போட்டியாளர்கள் மேடைக்குப் பின்னால் விளையாட்டுச் சாமான் அறையில் அடைந்து கிடந்தார்கள். பவுடர் அளவாகத்தான் இருந்தது, ஆனால் ஒவ்வொருத்தியின் அளவும் வேறாக இருந்தது. சின்னவள் ஒரு கூடைப்பந்து மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். தட்டைச் செருப்பைக் கவுனுக்குள் இழுத்துக்கொண்டாள். நல்லவேளை, அம்மா நீளமாகத் தைத்திருந்தாள்.

நடைச் சுற்றில் அக்கா சொன்னதுதான் நடந்தது. எட்டுப் பேர் குதிகால் செருப்பில் வந்தார்கள். மேடைப் பலகைகளுக்கு நடுவே விரற்கடை இடைவெளி இருந்தது. மூன்றாவதாக வந்தவளின் செருப்பு அதில் மாட்டிக்கொண்டு அவள் மட்டும் முன்னால் போனாள். நான்காவது, ஐந்தாவது ஆட்கள் அதைப் பார்த்துப் பயந்து, வெந்நீரில் நடக்கிற மாதிரி நடந்தார்கள். சின்னவள் தட்டைச் செருப்போடு, தலைக்கு மேலே நிலை எதுவும் இல்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போய், நின்று, திரும்பி வந்தாள். அவ்வளவுதான். யாரும் கைதட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. சிரிக்காததே அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

திறமைச் சுற்றில் மைக்கைப் பிடித்து மூக்கால், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றதும் அரங்கம் நிமிர்ந்தது. நிறையப் பேர் அந்த வண்டிகளில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள். அவரவர் ஏறும் வண்டியின் பெயர் வரும்போது அங்கங்கே ஒரு சிரிப்பு எழுந்தது. நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. "வழித்தட எண் இருபத்திரண்டு பி, மாலை ஆறு மணிக்கு" என்று அவள் சொன்னபோது ஏழாவது வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். அப்பா.

"ஆறு பத்து" என்றார். "போன மாசமே மாத்தியாச்சு."

பக்கத்தில் இருந்த அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் உட்காரவில்லை. தப்பான நேரத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க அவரால் முடியாது. சின்னவளுக்கு ஒரு கணம் மேடையும் தெரியவில்லை, மைக்கும் தெரியவில்லை. பிறகு எங்கிருந்தோ அந்த மூக்குக்குரல் தானாக வந்தது. "ஒரு திருத்தம். இருபத்திரண்டு பி பத்து நிமிடம் தாமதமாகப் புறப்படும். சிரமத்திற்கு வருந்துகிறோம்." அரங்கமே அதிர்ந்தது. எல்லோரும் அதையும் ஏற்பாடு என்றே நினைத்தார்கள். நகைக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா, திருத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்ட திருப்தியோடு உட்கார்ந்தார்.

கேள்விச் சுற்றில் ஓய்வுபெற்ற முதல்வர் அம்மா மைக்கை வாங்கி, எல்லோருக்கும் ஒரே கேள்விதான் என்றார். உண்மையான அழகு எது? முதலில் வந்தவள் உள்ளழகு என்றாள். இரண்டாமவள் மனத்தின் அழகு என்றாள். மூன்றாமவள் உள்ளத்தின் அழகு என்றாள். நான்காவது ஆள் வரும்போது மிச்சம் ஒன்றும் இல்லை, அவள் உள்ளழகும் மனத்தின் அழகும் உள்ளத்தின் அழகும் என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னாள். நடுவர்கள் தலையாட்டி எழுதினார்கள். பல் டாக்டர் முன்னால் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னவள் ஏழாவது. அக்கா சொன்னதைச் சொன்னாள். பாதியில் ஒரு வார்த்தை மறந்தது. அந்த இடத்தில் நிறுத்தி, அரங்கத்தில் அக்காவைத் தேடினாள். பெரியவள் அம்மாவுக்கு அந்தப் பக்கம், கையைக் கட்டிக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்தாள். சின்னவள் தொடர்ந்தாள். பொடி எழுத்து, கிழவர், பெரிய மூக்குக்காரி, சுவரில் இருக்கிற கண்ணாடி மறந்துபோவது எல்லாம் வந்தது. முடித்ததும் மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள். தப்பாகிவிட்டதோ என்று நினைத்தாள். பிறகு கைதட்டல் பின்வரிசையில் தொடங்கி முன்னால் வந்தது. முதல்வர் அம்மா தன் மூக்குக்கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

முதல் பரிசு வேறு பிரிவுப் பெண்ணுக்குப் போனது. அவள் நன்றாகப் பாடினாள், செருப்பும் மாட்டவில்லை, அதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. சின்னவளுக்கு இரண்டாம் பரிசு. இரண்டாம் அழகி என்று அச்சடித்தால் பிள்ளை மனம் புண்படும் என்று நினைத்த பள்ளி நிர்வாகம், தோள்பட்டைத் துணியில் வேறு ஒரு பட்டத்தைத் தங்க எழுத்தில் போட்டிருந்தது. அதைக் குறுக்காக மாட்டிவிட்டார்கள். சின்னவள் குனிந்து தலைகீழாக வாசித்தாள். 'அறிவழகி' என்றிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தத் துணியை விளக்குக்கு நேராகப் பிடித்து, முதலில் ஓரம் தைத்திருப்பது சரியில்லை என்றாள். பிறகுதான் எழுத்தை வாசித்தாள். வாசித்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா, அழகுப் போட்டிக்குப் போயும் அறிவுக்குத்தானே குடுத்திருக்காங்க" என்று அப்பாவிடம் சொன்னாள். "எனக்கு அப்பவே தெரியும்."

சின்னவளால் அதை விழுங்க முடியவில்லை. அந்தப் பதில் தன்னுடையது இல்லை, ஒவ்வொரு வார்த்தையும் அக்கா சொன்னது, மதிப்பெண் விவரத்தைக் கண்டுபிடித்ததே அவள்தான், நடுவர்கள் எப்படி என்று சொன்னதும் அவள்தான் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். அம்மா பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு அவள் தலையைத் தடவினாள். அறிவு இருக்கிற இடத்தில் அடக்கமும் இருக்கும் என்றாள். பெரியவளையும் விட்டுவிடவில்லை. இவளும் பாவம், தலையை எவ்வளவு அழகாக வாரிவிட்டாள், அழகு தெரிஞ்சவளுக்குத்தான் அது வரும் என்று அவளுக்கு உரியதை அவளுக்குக் கொடுத்தாள். அப்பா, எப்படியோ விழா சொன்ன நேரத்துக்கு ஆரம்பித்தார்கள் என்றார்.

மாடிப்படியில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்து முகத்துப் பவுடரை ஈரத்துணியால் துடைத்தார்கள். எவ்வளவு சொல்லியும் நம்பமாட்டேன் என்கிறார்களே என்று சின்னவள் புலம்பினாள்.

"விடு. நானே சொன்னா மட்டும் நம்பிடப் போறாங்களா?" என்றாள் பெரியவள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கைதட்டல் என்னுதுதானே?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றாள் சின்னவள்.

"கைதட்டினாங்க. ஆனா ஒருத்தர்கூட என்னைப் பாக்கல. எல்லாரும் உன்னையே பாத்துட்டு இருந்தாங்க." துணியை மடித்தாள். "நல்லா இருந்துச்சுடி. பாக்காம கைதட்டினது."

அடுத்த வாரம் இடைப்பருவத் தேர்வு விடைத்தாள் வந்தது. கணக்கில் சின்னவளுக்கு முப்பத்தொன்று. கணக்கு டீச்சருக்கு உண்மையிலேயே வருத்தம். போட்டி, ஒத்திகை என்று மூன்று வாரம் இந்தப் பெண் வகுப்பில் மனதோடு இல்லை என்பது அவருக்குத் தெரியும். அனுப்பியது தான்தான் என்பதும் தெரியும், அதனால் கோபம் இரட்டிப்பாக இருந்தது. தாளை நீட்டிக்கொண்டே, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"அழகா இருந்தா மட்டும் போதாது. கொஞ்சம் மூளையும் வேணும்."

சின்னவள் தாளை வாங்கவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். பதினாறு வருடத்தில் இந்த மாதிரி யாரும் அவளைத் திட்டியதில்லை. இது பெரியவர்கள் சுருட்டையைத் திட்டுகிற திட்டு, கன்னக்குழியைத் திட்டுகிற திட்டு. தன் பெயருக்கு வந்திருக்கிறது. காது மடல் வரைக்கும் சூடேறி, சிரிப்பு வந்து, அதை மறைக்கத் தலையைக் குனிந்தாள். பிள்ளை அழுகிறது என்று நினைத்து டீச்சர் குரலைத் தணித்துக்கொண்டு, தாளை அவள் கையில் வைத்து, பரவாயில்லை, போய் உட்கார் என்றார். சுருட்டையும் கன்னக்குழியும் ஆறாம் வகுப்புக்குப் பிறகு முதன்முறையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் பெரியவள் வேலையிலிருந்து வந்ததும் சின்னவள் விஷயத்தை அவள் காதில் மட்டும் சொன்னாள். டீச்சர் சொன்ன வார்த்தையை அதே குரலில் இரண்டு தடவை சொல்லிக் காட்டினாள். இரண்டு பேரும் கட்டிலில் விழுந்து சிரித்த சிரிப்பில் அம்மா தையலை விட்டு எழுந்து வந்தாள். என்ன என்று கேட்டாள். வேறு வழியில்லாமல் விடைத்தாளைக் காட்ட வேண்டியதாயிற்று.

அம்மா முப்பத்தொன்றைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ரொம்ப அறிவு இருந்தா இப்படித்தான். கணக்குல எல்லாம் மனசு நிக்காது" என்று சொல்லிவிட்டுத் தாளைக் கட்டிலின் மேல் போட்டாள்.

பெரியவள் அதை எடுத்தாள். சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி போட்டிருந்த நாலாவது கணக்கைப் பார்த்தாள். நீ இங்கேயே கழித்தலைக் கூட்டலாக்கிவிட்டாயே என்று தங்கையிடம் சொன்னாள். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் கணக்கை முதலிலிருந்து எழுத ஆரம்பித்தாள். ஜன்னல் வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. அவள் தாளை இன்னும் கிட்டத்தில் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த அறையில் தையல் மெஷின் ஓடத் தொடங்கி, உடனே நின்றது.

"அந்தப் பேப்பரை வச்சிட்டு எந்திரிடி பெரியவளே" என்றாள் அம்மா. "கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாத்தா நெத்தியில கோடு விழும்."

இன்னும் இரண்டே வரி பாக்கி இருந்தது. பெரியவள் அதை எழுதி முடித்து, விடைக்குக் கீழே கோடு இழுத்துவிட்டு எழுந்தாள்.